சீட்டுக்கட்டு வீட்டுக்குள் வரலாமா?

"சீட்டா? நம் வீட்டிலா? கூடவே கூடாது!"

பல குடும்பங்களில் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டு வந்து விரித்தால் போதும். "எடுத்து வை! விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன வேலை?" என்று அதட்டல் வரும்.

அந்த அதட்டலில் நியாயம் இல்லாமல் இல்லை. சீட்டில் நகை போன வீடு உண்டு. நிலம் போன வீடும் உண்டு. சம்பளம் வாங்கிய அன்றே கிளப்புக்குப் போன கணவன், விடியற்காலையில் வெறுங்கையோடு வந்து நின்றதைப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட ஒரு தாய், "என் பிள்ளை கையில் சீட்டுப் படக்கூடாது" என்று சொன்னால் யார் அவளைக் குறை சொல்ல முடியும்?

ஆனால் ஒரு விஷயத்தை அந்தத் தாயும் யோசிக்க வேண்டும். சீட்டு இப்போது வாசல் வழியாக வருவதில்லை. செல்போன் வழியாக வருகிறது. வீட்டில் சீட்டைத் தொடாமல் வளர்ந்த பையன், வேலைக்குப் போன ஊரில், தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரம்மி கற்றுக்கொள்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது தாத்தாவும் அல்ல, மாமாவும் அல்ல. அவன் பணத்தின் மேல் கண் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. சீட்டையும் பணத்தையும் அவன் ஒரே நாளில், ஒன்றாகச் சேர்த்தே பார்க்கிறான். பணம் இல்லாத சீட்டு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

இதனால் தமிழ்நாட்டில் எத்தனை உயிர்கள் போயின என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். 2021-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு தடைச்சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2022-ம் ஆண்டு ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். 2023-ம் ஆண்டு ஏப்ரலில் மறுபடியும் சட்டம் வந்தது. "ரம்மி திறமை ஆட்டம். அதைத் தடைப்பட்டியலில் சேர்க்க முடியாது" என்று அந்த ஆண்டு நவம்பரில் ஐகோர்ட்டு சொன்னது. கடைசியாக 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராளுமன்றமே சட்டம் செய்தது. திறமை ஆட்டமோ, அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் 'ஆன்லைன்' ஆட்டம் எதுவும் கூடாது என்பது அந்தச் சட்டம்.

சட்டம் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். வீடு செய்ய வேண்டியது என்ன? அதுதான் இங்கே கேள்வி.

தாயக்கட்டைக்கு மட்டும் தடை இல்லையே!

சூது கெட்டது என்பது தமிழனுக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி அல்ல. திருவள்ளுவர் 'சூது' என்று தனி அதிகாரமே வைத்தார். 94-வது அதிகாரம் அது. பாரதக் கதையில் தருமர் நாட்டை இழந்தார், தம்பிமாரை இழந்தார், மனைவியைக்கூடப் பணயம் வைத்தார். அவர் ஆடியது சீட்டா? இல்லை. பகடை!

அந்தப் பகடையின் தங்கைதான் தாயக்கட்டை. அது எத்தனையோ தமிழர் வீடுகளில், அரிசிப்பானைக்குப் பக்கத்திலோ சாமி அலமாரிக்குக் கீழேயோ பத்திரமாக இருக்கிறது. பாட்டிமார்களே தரையில் கட்டம் கிழித்துப் பேத்திகளுக்குத் தாயம் சொல்லிக்கொடுத்தார்கள். "தாயம் ஆடினால் பெண் கெட்டுப்போவாள்" என்று யாரும் பயப்படவில்லை. ஏன்? அந்த ஆட்டம் வீட்டுக்குள், பெண்கள் கையில், பணம் இல்லாமல் இருந்தது. சீட்டு அப்படி இல்லை. அது திண்ணைக்கும் கிளப்புக்கும் போனது. ஆண்கள் கையில் சிக்கியது. பணம் கூடவே வந்தது. பெயர் கெட்டது.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் 'சீட்டு' என்றால் ஒன்றா இரண்டா? மளிகைச் சாமானுக்கு எழுதுவதும் சீட்டு. மாதாமாதம் பணம் கட்டுவதும் சீட்டு. டாக்டர் எழுதித் தருவதும் சீட்டு. "அவர் சீட்டு நடத்துகிறார்" என்றால் ஒரு அர்த்தம். "அவர் சீட்டு ஆடுகிறார்" என்றால் வேறு அர்த்தம். இரண்டிலும் பணம் போவது உண்டு என்று கிண்டல் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்!

'ரம்மி' முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்தானா என்ற வழக்கு 1967-ம் ஆண்டே சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ஆடியவர்கள் மேல் போட்ட வழக்கு அது. எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று கோர்ட்டு சொன்னது. ஆட்டத்தை வைத்து இடத்துக்காரர் லாபம் சம்பாதித்தால் அது வேறு கதை என்றும் சொல்லிவைத்தது. நினைவு, யோசனை இரண்டும் பள்ளிப் பிள்ளைக்கு வேண்டியவைதானே? கெடுதல் பணத்தில் இருக்கிறது. பணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 52 காகிதங்களும் ஒரு சாயங்காலமும்தான்.

ராஜா செய்த சீட்டு என்ன ஆயிற்று?

இந்தியாவில் சீட்டுக்கு நீண்ட கதை உண்டு. பாபர் சக்கரவர்த்தி 1527-ம் ஆண்டு சிந்து நாட்டு நண்பருக்கு 'கஞ்சீபா' சீட்டு அனுப்பியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் வட்டமாக இருக்கும். கையால் வர்ணம் தீட்டுவார்கள். மொகலாயக் கட்டில் 96 சீட்டு. பிற்பாடு விஷ்ணுவின் பத்து அவதாரங்களை வைத்து 120 சீட்டுக் கட்டும் செய்தார்கள்.

மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு இந்த ஆட்டங்களில் அபார ஆசை. 1868-ம் ஆண்டு காலமான அந்த மன்னர், தாமே புதுப்புது ஆட்டங்களைக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்றுக்கு 360 சீட்டு! தெய்வங்கள், கிரகங்கள் எல்லாம் அதில் உண்டு. அழகுக்கு அழகு, அறிவுக்கு அறிவு. ஆனால் இன்று அதை ஆடுகிற குடும்பம் எங்கே? சீட்டுகள் காட்சிசாலைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. விதிகளைப் புத்தகத்தில் எழுதி வைத்தும் பயன் இல்லை. பாட்டி பேரனுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ராஜாவின் ஆட்டத்துக்கே இந்தக் கதி என்றால், புத்தகமே இல்லாத 'கழுதை' எப்படிப் பிழைத்தது? அம்மா பிள்ளைக்குச் சொன்னாள். அண்ணன் தம்பிக்குச் சொன்னான். சித்தி மகள் பெரியம்மா மகனுக்குச் சொன்னாள்.

முதல் ஆட்டம் கழுதை

குழந்தைக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது? சந்தேகமே வேண்டாம். கழுதைதான்.

ஆறு வயசுப் பிள்ளைக்குப் புரியும். 52 சீட்டையும் எல்லாருக்கும் போட்டுவிட வேண்டும். இஸ்பேட் ஆஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் முதலில் இறக்குவார். எல்லாரும் அதே இனத்தில் ஒரு சீட்டுப் போட வேண்டும். எல்லாரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் ஆட்டத்தை விட்டுப் போய்விடும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்ததை இறக்குவார். ஒருவர் கையில் அந்த இனமே இல்லை என்றால்? அப்போதுதான் வேடிக்கை. அவர் வேறு இனச் சீட்டைப் போட்டு 'வெட்டு' என்பார். அதுவரை பெரிய சீட்டுப் போட்டவர் அத்தனையையும் வாரிக்கொள்ள வேண்டும்! கை காலியானவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை.

இந்தச் சின்ன ஆட்டத்தில் குழந்தைக்கு எத்தனை வேலை என்று பாருங்கள். இனம் பிரிக்க வேண்டும். பெரியது சிறியது தெரிய வேண்டும். போன தடவை கிளாவரை வெட்டியது யார் என்று நினைவு இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் அத்தையின் முகத்தைப் பார்த்து அவள் கையில் என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். இதை எந்த வாத்தியாரும் அடித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. அத்தையை வெட்ட வேண்டும் என்ற ஆசையே சொல்லிக்கொடுத்துவிடும்.

சின்னக் கையில் பதின்மூன்று சீட்டு நிற்காது. நழுவும். விழும். எல்லாரும் பார்த்துவிடுவார்கள். குழந்தை அழும். தடித்த புத்தகம் ஒன்றை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். முதல் இரண்டு ஆட்டம் எல்லாரும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடட்டும். "இதைப் போட்டால் தாத்தா வெட்டுவார், பார்!" என்று காட்டிக்கொடுத்தால், மூன்றாவது ஆட்டத்தில் குழந்தை தாத்தாவையே வெட்டும்.

அது தோற்றால்? தோற்கட்டும்!

சில தாத்தாக்கள் பாசத்தில் ஒரு தவறு செய்கிறார்கள். பேரன் முகம் சுருங்கினால் தாங்காது. வேண்டுமென்றே தோற்கிறார்கள். பையனுக்கு நாலு நாளில் அது தெரிந்துவிடும். பிறகு அவனுக்கு ஜெயிப்பதிலும் ருசி இல்லை, தாத்தாவோடு ஆடுவதிலும் ருசி இல்லை. இதற்கு நேர்மாறாக, எட்டு வயசுப் பையனைப் பத்துத் தடவை கழுதையாக்கிச் சிரிக்கிற மாமாக்களும் உண்டு. அவர்களைப் பற்றி என்ன சொல்வது! நியாயமாக ஆடினால் தாத்தாவும் சில நாள் கழுதை ஆவார். அம்மாவும் ஆவாள். ஆபீசில் எல்லாரையும் அதட்டுகிற அப்பா, வீட்டில் கழுதையாகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் குழந்தைக்குத் தன் தோல்வி பெரிதாகத் தெரியாது.

திருட்டு ஆட்டமும் வரும். பிள்ளைகள் சீட்டை மடிக்குள் ஒளிப்பார்கள். எதிராளி கையை எட்டிப் பார்ப்பார்கள். "இப்பவே இப்படி என்றால் பெரியவனானால்?" என்று அம்மா பதறுவாள். பதற வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். சீட்டை வாங்கிக் கலைத்து மறுபடி போட வேண்டியதுதான். ஜெயிக்கப்போகிற ஆட்டம் தன்னால் கலைந்துபோனது என்று அக்கா முறைப்பாளே, அந்த முறைப்பு போதும்.

ராஜாவை வெல்லும் ஜாக்கி

பத்து வயசுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கழுதை சலித்துவிடும். அப்போது 'முந்நூற்று நாலு' சொல்லிக்கொடுக்கலாம். இது தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இந்த ஆட்டத்தில் மிகவும் பிரியம் உள்ளவர்கள். ஊரை விட்டு லண்டனுக்கும் கனடாவுக்கும் போனவர்கள்கூட இதை மறக்காமல் ஆடுகிறார்கள்.

நாலு பேர் வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டு மட்டும் போதும். இதில் ராஜா, ராணிக்கு மரியாதை இல்லை. ஜாக்கிதான் பெரியவன். அவனுக்கு 30. அடுத்தது ஒன்பது. அதற்கு 20. ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. கூட்டிப் பாருங்கள், 76. நாலு இனத்துக்கு 304. ஆட்டத்தின் பெயரே கணக்கு!

கையில் முதல் நாலு சீட்டு வந்ததும் ஏலம் கேட்க வேண்டும். ஜெயித்தவர் ஒரு இனத்தைத் துருப்பு என்று வைத்து, அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். யாழ்ப்பாணத்தார் 'துரும்பு' என்பார்கள். பிறகு மீதி நாலு சீட்டு வரும். இதை ஆடுகிற பையன் மனக்கணக்குப் போட்டே ஆக வேண்டும். "நாம் 160 கேட்டோம். இதுவரை 118 வந்திருக்கிறது. இன்னும் 42 வேண்டும். டைமன் ஜாக்கி இன்னும் வெளியே வரவில்லை" என்று அவன் மனசுக்குள் கூட்டுகிறான். அதே பையன் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டைப் பார்த்தால் ஓடுகிறான்!

வேலைக்காரன் ராஜாவை வெல்வது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஜாக்கியையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கும் வழக்கம் ஹாலந்து நாட்டு ஆட்டங்களில் உண்டு. டச்சுக்காரர்கள் 1658-ம் ஆண்டு யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடம் இருந்து பிடித்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். இங்கிலீஷில் 'கிளப்' என்று சொல்லும் இனத்துக்குத் தமிழில் 'கிளாவர்' என்று பெயர். டச்சு மொழியிலும் அது 'கிளாவர்'தான். கோட்டை கட்டினவர்கள் போய்விட்டார்கள். கோட்டைச் சுவரில் புல் முளைத்துவிட்டது. பாட்டி மட்டும் இன்னும் "கிளாவர் இறக்குடா!" என்கிறாள்.

முந்நூற்று நாலில் இன்னொரு நயமும் உண்டு. கூட்டாளி தவறாக ஆடிவிட்டால் கோபம் வரும். வாயைத் திறந்து எதுவும் சொல்லக்கூடாது. ஜாடையும் கூடாது. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல், ஒருவரை ஒருவர் நம்பி எட்டுச் சீட்டு ஆடி முடிக்க வேண்டும். சாதாரண நாளில் எட்டு நிமிஷம் சண்டை போடாமல் இருக்க முடியாதவர்கள்!

ஆள் ஆறு பேர் சேர்ந்துவிட்டால் 'லிட்ரேச்சர்' ஆடலாம். யாரிடம் எந்தச் சீட்டு என்பதைக் கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்கும் ஆட்டம் அது. ஞாபகசக்தி இல்லாத பெரியவர்கள் அதில் பிள்ளைகளிடம் தோற்பது நிச்சயம்.

ரம்மியைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளை பதின்மூன்று வயசைத் தாண்டட்டும். அப்போது அதை மறைத்து வைப்பதில் பிரயோசனம் இல்லை. வீட்டிலேயே அப்பா சொல்லிக்கொடுக்கட்டும். ஜோக்கர் இல்லாத வரிசை ஒன்று சேராவிட்டால் கையில் உள்ளதெல்லாம் பாயிண்டாக ஏறும் என்பதை அவன் பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். "இதே ஒரு பாயிண்டுக்கு இரண்டு ரூபாய் என்று வைத்திருந்தால் இன்றைக்கு உனக்கு எவ்வளவு போயிருக்கும்?" என்று கேட்டு, அவனையே பெருக்கிச் சொல்லச் சொல்ல வேண்டும். எண்பதை இரண்டால் பெருக்கினால் 160 ரூபாய். ஒரே ஆட்டத்தில்! ராத்திரி பத்து ஆட்டம் ஆடினால்? அவன் வாயால் அந்தத் தொகை வரட்டும். சுவரொட்டியில் படிப்பதைவிட அது மனசில் நிற்கும்.

புளியங்கொட்டை வைக்கலாமா?

"பணம் வேண்டாம், புளியங்கொட்டையாவது வைத்து ஆடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் கொட்டை எல்லாம் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் எல்லாரும் சமமாக ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கொட்டைக்குப் பதில் மிட்டாய் என்று ஆரம்பித்தால், மிட்டாய்க்குப் பதில் காசு வர வெகுநாள் ஆகாது. வடநாட்டில் தீபாவளி இரவில் காசு வைத்து ஆடுவதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். "ஒரு நாள்தானே" என்பார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு நாளும் வேண்டாம்.

நேரத்துக்கும் கணக்கு வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஆட்டம். இலை போட்டதும் கட்டு உள்ளே. தோற்றவர் தண்ணீர் எடுத்து வைக்கலாம். பெண் பிள்ளையை "நீ உள்ளே போ" என்று விரட்டாமல் அவளுக்கும் ஒரு கை போட வேண்டும். அவள்தான் நாளைக்கு இன்னொரு வீட்டில் இதை விரிக்கப் போகிறவள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அது அவசரமான வேலை. ஒவ்வொரு வீட்டு விதியும் வேறு. திண்டுக்கல் பெரியப்பா வீட்டில் ஒரு மாதிரி, திருச்சிச் சித்தப்பா வீட்டில் ஒரு மாதிரி. வெட்டிய பிறகு யார் இறக்குவது, ஏலம் எத்தனையில் ஆரம்பிப்பது என்று பிள்ளைகள் சண்டை போடும்போதுதான் அது தெரியும். இவை எந்தக் கட்டின் பெட்டியிலும் அச்சாகவில்லை. பாட்டிக்குத் தெரியும். பாட்டிக்கு மட்டுமே தெரியும். எழுதப் பழகும் பிள்ளையைப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடியும். தாளை மடித்துச் சீட்டுப்பெட்டியிலேயே போட்டுவிடலாம்.

புதுக்கட்டு வாங்கக் காசு இல்லை, பழைய கட்டில் சீட்டுத் தொலைந்துவிட்டது என்றாலும் பாதகம் இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிப் போடுவார்கள் சிலர். அது சரிப்படாது. முதுகைப் பார்த்தே எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டோடு வந்த ஜோக்கர் சும்மாதானே இருக்கிறது? அதன் மூலையில் பேனாவால் 'கிளாவர் எட்டு' என்று எழுதிவிட்டால் போதும். இரண்டு முதல் ஆறு வரை எது தொலைந்தாலும், முந்நூற்று நாலு ஆடுகிறவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.